மறுகாலுக்கு ஆங்கிலம் தேடியது

மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் என் அனுதாபங்கள். வாழ்த்துகள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கை தானாகச் சரியான சொல்லைப் போட்டுவிட்டது. பயிற்சி நாளில் வந்து அரை மணி நேரம் பேசுங்கள் என்று முதலில் என்னைக் கேட்டார்கள். நான் அரை மணி நேரத்தில் நிறுத்தியதாக எங்கும் பதிவு இல்லை என்பதை யாரோ நினைவூட்டியிருக்க வேண்டும். மறுநாளே, "எழுதிக் குடுத்துருங்கம்மா, அதுவே போதும்" என்று செய்தி வந்தது. எழுதிக் கொடுத்தால் படிக்காமல் விடும் வசதி உங்களுக்கும் உண்டு.

விதிமுறை, படிவம், பதிவேடு பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்வதற்கென்றே அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பொழுது போக வேண்டும். நான் சொல்லப் போவது ஆங்கிலத்தில் தண்ணீர் செய்கிற வேலைகளைப் பற்றி. இந்த நாற்காலியில் இருந்த காலத்தில் நான் வழுக்கி விழுந்த இடமெல்லாம் ஈரமான இடம்தான்.

மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவார் அல்லவா, அந்தக் காடு நம் இராமநாதபுரத்துச் சீமைதான். அப்படி மாற்றப்பட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும், வடக்கேயிருந்து முதல் பணிக்கு ஆசையோடு வருகிறவர்களும் மாறி மாறி நமக்கு அதிகாரிகள். குடம் வரிசையில் நிற்கிற ஊருக்கு வந்து இறங்கியதும் அவர்கள் வாயில் ஆங்கிலம் ஆறாக ஓடும். நிதி 'ஃப்ளோ' ஆகும். நிதி வராவிட்டால் 'ட்ரை அப்' ஆகும். இடையில் காணாமல் போனால் அது 'லீக்கேஜ்'. நல்ல திட்டமெல்லாம் 'பைப்லைனில்' இருக்கும். ஊரில் உள்ள பைப்லைனில் மட்டும் எதுவும் இருக்காது. இதையெல்லாம் காய்ந்த தொண்டையோடு எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலையாக இருந்தது. இனி உங்கள் வேலை.

சாயல்குடிப் பக்கம் ஒரு கூட்டம். பனையும் உப்பளமும் மானாவாரி நிலமும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத இடம். நான் பணிக்கு வந்த புதிது. அன்றைய அதிகாரி வளர்ச்சியைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டே வந்து, அதன் பலன்கள் உங்களிடம் 'ட்ரிக்கிள் டவுன்' ஆகும் என்று முடித்தார். எனக்கு அகராதி மேல் அப்போது அபார நம்பிக்கை. "வளர்ச்சியின் பலன் சொட்டுச் சொட்டாக உங்களிடம் வந்து சேரும்" என்று ஒலிபெருக்கியில் கணீரென்று சொன்னேன்.

முன்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். "சொட்டுநீர் போடணும்னா கெணத்துல தண்ணி வேணும்லம்மா. கெணத்துக்கும் சேத்துத்தான் தாராகளா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், "பனைக்கும் உண்டா, மிளகாய்க்கு மட்டுமா?" என்றார். நான் விளக்குவதற்குள் கூட்டம் எழுந்து வரிசை கட்டிவிட்டது. அன்று மாலைக்குள் சொட்டுநீர்ப் பாசனம் கேட்டுக் குவிந்த மனுக்களைப் பார்த்து அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை; தன் பேச்சு மக்களைத் தொட்டுவிட்டது என்று நம்பினார். தோட்டக்கலைத் துறைக்காரர் மட்டும் அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்றைக்கு நான் சிரித்துவிட்டு மறந்தேன். வெகு காலம் கழித்துத்தான் அந்த விவசாயி கேட்டதில் இருந்த நியாயம் உறைத்தது. ஆங்கிலத்தில் தண்ணீருக்கு ஆள் தேவையில்லை. பலன் தானே சொட்டும், நிதி தானே வற்றும், ரகசியம் தானே கசியும். யார் ஊற்றினார், யார் அடைத்தார் என்று அந்த வினைச்சொற்கள் சொல்லாது, கேட்கவும் விடாது. சாயல்குடிக்காரருக்கோ தண்ணீர் என்றால் உடனே கிணறு எங்கே, வாளி யார் கையில் என்று தெரிந்தாக வேண்டும். நீங்கள் மொழிபெயர்க்கும்போது அவரைப் போலக் கேட்டுப் பழகுங்கள்.

தங்கச்சிமடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதில் என் புத்தி இன்னும் நன்றாகத் தெரியும். புயலில் படகுகள் சேதமாகி, நிவாரணம் கேட்டு மீனவர்கள் கூடியிருந்தார்கள். மனுக்கள் மழை மாதிரி 'போரிங் இன்' ஆகின்றன, அதனால் தாமதம் என்று அதிகாரி சொன்னார். நான், "மனுக்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன" என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், சிறிதும் யோசிக்காமல், "எங்கன கொட்டுனீகன்னு சொல்லுங்க, நாங்களே போயிப் பொறக்கிட்டு வந்துருதோம்" என்றார். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. ஏன் சிரிக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். உங்கள் முயற்சியைப் பாராட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவரும் எழுந்து கும்பிட்டார், அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

இதைச் சாமர்த்தியம் என்று நான் நினைத்தேன். அலுவலகமும் நினைத்தது. எங்கள் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். மொழிபெயர்ப்பு பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். "வாயில வந்தது வந்ததுதான். திரும்ப எடுத்தா நமக்குத்தான் மெமோ. அப்படியே மேல பேசிப் போயிரணும்" என்பார். ஆண்டுக்கணக்கில் அந்தக் கொள்கைப்படியே மேலே பேசிப் போனேன். எனக்கு நல்ல பெயரும் வந்தது. தடுமாறாத மொழிபெயர்ப்பாளர் என்றார்கள். தவறியதைத் தடுமாறாமல் சொன்னால் அப்படித்தான் பெயர் வரும்.

இனிச் சொல்லப் போவது சிரிப்பதற்கு அல்ல. ஆனாலும் என் வாய் என் வாய்தான், அங்கங்கே பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்புல்லாணிக்கு மேற்கே உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே ஐப்பசி அடைமழையில் கண்மாய்க் கரை உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போன கரை, முழங்கால் உயரம் நின்ற நெற்பயிரின் மேல் மண்ணைக் கொண்டுவந்து மேவிவிட்டது. பல குடும்பங்களுக்கு அந்த வருடத்துச் சாப்பாடு அந்த மண்ணுக்கு அடியில் இருந்தது. யாராவது ஒருவர் மேல் பழி விழுந்தாக வேண்டும். விழுவதற்குத் தோதாகக் கீழே நின்றவர் காத்தமுத்து.

காத்தமுத்து அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் விடுவது, மழைக்காலத்தில் கரையைச் சுற்றி வந்து பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சொந்த நிலம் கிடையாது. அறுவடையில் ஊர் அவருக்கு அளக்கிற நெல்தான் வருமானம். அவர் மடையைத் திறக்காமல் அசட்டையாக இருந்ததால்தான் கண்மாய் நிரம்பி வழிந்து கரை உடைந்தது என்று பாசனச் சங்கத் தலைவர் புகார் கொடுத்திருந்தார். விசாரணையில் அது உறுதியானால் நீர்ப்பாய்ச்சி வேலை போகும், காவல் நிலையத்தில் வழக்கும் பதிவாகும். ஊராட்சிக் கூடத்தில் விசாரணை. விசாரிக்க வந்தவர் வடநாட்டுக்கார இளைஞர், தமிழ் தெரியாது. நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்பவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையில் குற்றத்தைப் பங்கு போட எனக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

முதலில் சங்கத் தலைவர் பேசினார். வெள்ளைச் சட்டை, அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலி. என் உதவி தனக்குத் தேவையில்லை என்று காட்ட வேண்டும் அவருக்கு. "சார், டேங்க் ஓவர்ஃப்ளோ சார். ஹீ நோ கேர் சார். டூ டேஸ் ஓவர்ஃப்ளோ சார்" என்றார். நான் மனதுக்குள் அவருடைய ஆங்கிலத்தைக் கேலி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கேலி செய்த வாக்கிலேயே அந்த 'ஓவர்ஃப்ளோ' என் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியவில்லை.

அடுத்து காத்தமுத்து. ஐம்பது வயதிருக்கும். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. யாரும் கேள்வி கேட்பதற்கு முன்பே, மனப்பாடம் செய்து வந்ததுபோல் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை மறுகால் பாஞ்சுச்சுங்க. நான்தான் மொத ஆளாப் பாத்தேன். ஊரே போயிப் பாத்துட்டு வந்துச்சு. சனிக்கிழமை விடிய மறுகால் நின்னு போச்சு. மழை நிக்கலை. ஞாயித்துக்கிழமை கரை போச்சு."

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: வெள்ளிக்கிழமை கண்மாய் ஓவர்ஃப்ளோ ஆனது. இவரே முதலில் பார்த்தார். ஊராரும் பார்த்தார்கள். சனிக்கிழமை ஓவர்ஃப்ளோ நின்றது. ஞாயிற்றுக்கிழமை கரை உடைந்தது.

இங்கே நிறுத்துகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் நிறுத்தவில்லை. உங்களில் ஒருவர் சென்னைக்காரர் என்று கேள்வி, அவருக்காகச் சொல்கிறேன். கால் என்றால் இங்கே வாய்க்கால். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியேறி அடுத்த கண்மாய்க்குப் போவதற்கென்று கரையில் ஓரிடத்தில் உயரம் குறைத்துக் கல்லால் கட்டி வைத்திருப்பார்கள், அது கலுங்கு. அதன் வழியே தண்ணீர் போவதுதான் மறுகால் பாய்வது. கண்மாய் நிறைந்துவிட்டது, கரைக்குச் சேதமில்லை, மிச்சம் தன் வழியில் போகிறது, இந்த வருடம் சோறு உண்டு. இவ்வளவும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. ஓவர்ஃப்ளோ என்றால் பாத்திரம் போதவில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, வழிந்து வீணாகிறது. முதலாவதை ஊரே திரண்டு போய்ப் பார்த்துக் கும்பிடும். இரண்டாவதற்கு விசாரணை வைப்பார்கள்.

இது தெரியாதவளா நான்? எங்கள் ஊரும் இந்தச் சீமைக் கிராமம்தான், விவசாயக் குடும்பம்தான். மறுகால் பாய்ந்த அன்று எங்கள் அய்யா பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தண்ணீரில் கால் நனைக்க வைத்திருக்கிறார். கால் நனைத்த தண்ணீருக்கே வேறு பெயர் சொல்லிவிட்டு, தடுமாறாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 'மழை நிக்கலை' என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. மழைக்காலத்தில் மழை பெய்வது ஒரு செய்தியா என்று விட்டுவிட்டேன்.

வழிந்தது வெள்ளிக்கிழமையே இவருக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். "தெரியாம? நான்தானங்க பாத்தேன்" என்றார் காத்தமுத்து, கொஞ்சம் பெருமையாகவே. பிறகு மடையைத் திறந்தாரா என்று அதிகாரி கேட்டார்.

"எதுக்குங்க தெறக்கணும்? அதான் மறுகால் போகுதுல்ல. அந்த நேரம் மடையத் தெறந்தா பயிரு மூழ்கிப் போகும்."

இதை நான் சுருக்கினேன். இல்லை, தேவை என்று இவருக்குப் படவில்லை என்று சொன்னேன். மதிய உணவு நேரம் நெருங்கியிருந்தது.

அதிகாரி தன் உதவியாளரிடம் திரும்பிக் குறிப்பு எழுதச் சொன்னார். முதல் சொல்லே 'அட்மிட்ஸ்'. கண்மாய் இரண்டு நாளுக்கு முன்பே நிரம்பி வழிந்தது தமக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் மடையைத் திறக்கவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார்.

நான் காத்தமுத்துவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லிவிட்டோம், இந்தம்மா அதை அப்படியே இங்கிலீசில் சொல்லிவிட்டது, இனிப் பயமில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. தன்னைக் காப்பாற்ற அவர் சொன்ன வாக்கியத்தையே எடுத்து அவர் கழுத்தில் மாட்டியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம் அவருக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி எனக்காக. என் பதவி உயர்வுக் கோப்பு அப்போதுதான் மேலே போயிருந்தது. இடது பக்கம் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார், தன் கொள்கையோடு.

மேலே பேசிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. காத்தமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். நம் தொழிலின் மொத்த அபாயமும் இதுதான், இதைப் பயிற்சிக் கையேட்டில் போட மாட்டார்கள்.

எழுந்து நின்றேன். எதற்காக எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, உட்கார்ந்தும் சொல்லியிருக்கலாம். "நான் மொழிபெயர்த்தது தவறு. குறிப்பை நிறுத்துங்கள்" என்று அதிகாரியிடம் சொன்னேன். கண்காணிப்பாளர் என் முந்தானை நுனியைப் பிடித்து இழுக்காத குறை. "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

எந்தச் சொல் தவறு என்று அதிகாரி கேட்டார். ஓவர்ஃப்ளோ என்றேன். அப்படியானால் சரியான சொல் எது என்றார். அங்கேதான் நான் உண்மையிலேயே தடுமாறினேன். அந்த அதிகாரியின் உதவியாளர் உற்சாகமாகத் தன் கைப்பேசியில் 'மறுகால்' என்று தட்டிப் பார்த்தார். 'இன்னொரு கால்' என்று வந்தது. வெள்ளிக்கிழமை கண்மாயின் இன்னொரு கால் பாய்ந்தது என்று எழுதினால் அந்த விசாரணை அறிக்கை உலகப் புகழ் பெற்றிருக்கும்.

சொல் இல்லை என்று சொல்லிவிட்டு, கலுங்கையும் மறுகாலையும் விளக்கினேன். வெள்ளிக்கிழமை நடந்தது விபத்தல்ல, நடக்க வேண்டியது. அந்த நேரத்தில் மடையைத் திறந்தால் வயல் மூழ்கும், அதனால் திறக்காததுதான் சரி. பிறகு அவர் வாக்குமூலத்தை முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல், மறுபடி சொன்னேன். சனிக்கிழமை மறுகால் நின்றது. மழை நிற்கவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். மழை நிற்காதபோது மறுகால் மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்டார்.

நான் அந்தக் கேள்வியைத் தமிழில் காத்தமுத்துவிடம் கேட்டேன். அவர் சங்கத் தலைவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அத நான் சொல்லலாமாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

அதையும் அதிகாரிக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். சொல்லச் சொல்லுங்கள் என்றார் அவர். காத்தமுத்து மறுபடி சங்கத் தலைவரைத்தான் பார்த்தார். பின்னால் சுவரோரமாக நின்ற ஒரு பெண்தான் பேசினார். மண் மேவிய வயல்களில் அவருடையதும் ஒன்று என்று பிறகு தெரிந்தது.

"கலுங்குல மணல் மூடை அடுக்குனாகள்ல, அதச் சொல்லுங்கண்ணே. ஊருக்கே தெரிஞ்சதுதானே. தண்ணி கூட நிக்கட்டும், மேக்கால மேட்டுல உள்ள வயலுக்கும் ஏறட்டும்னு அடுக்குனாக. யாரு வயலு மேக்கால இருக்குன்னும் ஊருக்குத் தெரியும்."

சங்கத் தலைவர் மறுக்கவில்லை. "வீணாக் கடலுக்குப் போற தண்ணியத்தானே மறிச்சோம்" என்றார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, "சேவிங் வாட்டர் சார்" என்றார்.

எல்லோரும் கிளம்பிக் கலுங்குக்குப் போனோம். கண்மாய் காலியாகக் கிடந்தது. கலுங்கு மேல் மூட்டைகள் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. போக வேண்டிய வழியை அடைத்ததால் தண்ணீர் ஏறி, கரையின் பலவீனமான இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. உடைந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போன கண்மாய் அது. ஒருவரும் கலுங்குப் பக்கம் போகவில்லை. ஓவர்ஃப்ளோ என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட்ட பிறகு வேறு எதைப் பார்க்க வேண்டும்?

அறிக்கை மாறியது. காத்தமுத்து மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். சங்கத் தலைவருக்குக் கடும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அதைத் தமிழில் ஆக்கியவள் நான் என்பதால் அது எவ்வளவு கடுமை என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையை அதைவிடக் கோபமாக எழுதலாம். எனக்கு மெமோ வந்தது, விசாரணையில் தவறாக மொழிபெயர்த்ததற்காக. சரியாகச் சொல்லியிருந்தார்கள், நானும் சரியென்று பதில் எழுதினேன். கண்காணிப்பாளர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மெமோவை விட அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு பாசனத்துறையின் பழைய கோப்பு ஒன்றில் மறுகால் பாய்வதற்கு 'சர்ப்ளஸ்ஸிங்' என்ற சொல்லைப் பார்த்தேன். மிச்சம் என்ற பெயர்ச்சொல்லைப் பிடித்து யாரோ ஒரு பொறியாளர் வினைச்சொல்லாக வளைத்திருக்கிறார். தன் மொழியில் இல்லை என்று தெரிந்ததும் இல்லாததைச் செய்துகொள்ளும் அடக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. எனக்கு அகராதி இருந்தது.

இந்த இடத்தில் முடித்தால் நான் நல்லவளாக முடிந்துவிடுவேன். உங்கள் பயிற்சிக்கும் அது போதும். ஆனால் மாசி மாதம் காத்தமுத்து அலுவலகத்துக்கு வந்தார்.

ஒரு பை நிறையக் குண்டு மிளகாய் கொண்டுவந்திருந்தார். "அன்னைக்கு நீங்க மட்டும் எந்திரிச்சுப் பேசலைன்னா எங்கதி என்னாயிருக்கும் தாயி" என்றார். நான் பையை வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. அவரை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். உங்களைக் காப்பாற்றியது நானில்லை, உங்களை மாட்டிவிட்டதே நான்தான், முதலில் தப்பாகச் சொன்னேன், பிறகு திருத்தினேன், அவ்வளவுதான் என்றேன்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆபீசர் எழுதச் சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சு, எந்திரிச்சீக. காதுல விழாமப் போனது எத்தனை இருக்கும் தாயி?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரியவில்லை என்றேன். பையை மேசை மேல் வைத்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லிப் போனார்.

அன்று மதியமே கோப்பறைக்குப் போய், கண்மாய் விசாரணைகளில் நான் மொழிபெயர்த்த பழைய கட்டுகளைப் பிரித்தேன். வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. வேறொரு ஊர், வேறொரு நீர்ப்பாய்ச்சி, என் கையெழுத்து, என் ஓவர்ஃப்ளோ. அந்த ஊரிலும் கரை உடைந்திருக்கிறது. பொறுப்பிலிருந்து நீக்கலாம் என்று பரிந்துரைத்துக் கோப்பை முடித்திருந்தார்கள். எனக்கு அந்த விசாரணையே நினைவில் இல்லை. அவருடைய பெயரைக் குறித்துக்கொண்டு மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அந்த நீர்ப்பாய்ச்சி ஊர் எல்லையில் யாருடைய ஆடுகளையோ மேய்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கோப்பில் இருந்ததைச் சொன்னேன். நான் சொன்ன சொல்லையும் அதற்கு ஆங்கிலத்தில் என்ன பொருள் என்பதையும் சொன்னேன். அந்த உத்தரவை இனி மாற்ற முடியுமா என்று தெரியவில்லை, மனு எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் ஆடுகள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மறுகால்தான் பாஞ்சுச்சு. நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்.

என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்.